எம்.டி.ஆர்: நம் பழைய ‘வாசி’தான்

கடையில் 10,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்குகிறீர்கள். கிரெடிட் கார்டை நீட்டியதும் கடைக்காரர் முகம் லேசாகச் சுருங்குகிறது. “கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார். ஜிபே இருக்கா?” என்கிறார். அவர் கணக்கு இதுதான்: மறுநாள் அவருடைய வங்கிக் கணக்கில் 10,000 வராது. 2 சதவீதம் பிடித்தால் 200 போகும். அந்த 200க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 36. மிச்சம் 9,764.

வழியிலேயே கழிந்துபோகிற இந்தப் பணத்தின் வீதத்துக்குத்தான் மெர்ச்சன்ட் டிஸ்கவுன்ட் ரேட், சுருக்கமாக எம்.டி.ஆர், என்று பெயர். கழிந்த பணத்தில் பெரும்பங்கு கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகிறது, இன்டர்சேஞ்ச் என்பது அதுதான். மீதியை, கடைக்கு மெஷின் வைத்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பும் பிரித்துக்கொள்கின்றன. நமக்கு ‘இலவசமாக’ வரும் ரிவார்டு பாயின்ட்டும் விமான நிலைய லவுஞ்சும் பெரும்பாலும் அந்த 200லிருந்து வருபவைதான்.

டிஸ்கவுன்ட் என்ற சொல் இடைக்கால லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கழித்து எண்ணுவது என்பதுதான் மூலப்பொருள். கம்ப்யூட்டருக்கும் அதே வேர். வணிகத்தில் அதற்கு இன்னொரு பழக்கமும் உண்டு: பின்னால் வரவேண்டிய பணத்துக்கான உண்டியலை (பணம் தருவதாக எழுதிய சீட்டை), அதில் எழுதிய தொகையைவிடக் குறைத்துக் கொடுத்து இன்றே வாங்கிக்கொள்வது. கார்டு வியாபாரமும் அடிப்படையில் அப்படித்தான். 1950இல் நியூயார்க்கில் தொடங்கிய டைனர்ஸ் கிளப், உணவகங்களின் பில்லில் 7 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. டிஸ்கவுன்ட் கொடுப்பது யார், பெறுவது யார் என்ற குழப்பத்துக்கு இதுதான் காரணம். இங்கே தள்ளுபடி வாடிக்கையாளருக்கு அல்ல, வங்கிக்கு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வணிகர் தள்ளுபடி வீதம்’ என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்கு ஆகாது. தள்ளுபடி என்றால் நமக்கு ஆடித் தள்ளுபடி, இல்லாவிட்டால் பயிர்க்கடன் தள்ளுபடி. வணிகர் தள்ளுபடி என்று படிப்பவர், கடையில் ஏதோ சலுகை என்று கிளம்பிவிடுவார். ‘கழிவு’ நல்ல சொல். இலங்கைத் தமிழில் விலைக்கழிவு இன்றும் இயல்பாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் அதைக் கழிவுநீர் பிடித்துக்கொண்டது. ‘தரகு’ இருவரைச் சேர்த்துவைத்ததற்கான கூலி. இங்கே நடப்பது அதுவல்ல, காசின் மதிப்பிலேயே ஒரு கீறல்.

அந்தக் கீறலுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: வாசி. காசை மாற்றும்போது அதன் தரத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளும் தொகை. வட்டம் என்றும் சொல்வார்கள். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஆளுக்கொரு படிக்காசு வைத்ததாகக் கதை. அப்பரின் காசைக் கடைவீதியில் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தரின் காசுக்கு வாசி கேட்டார்கள். மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் அவர் மடத்தில் சோறு தாமதமானது. அப்போது பாடியதுதான் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்ற பதிகம். ஏழாம் நூற்றாண்டிலேயே வாசி இல்லாத காசுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். விலைவாசியில் ஒட்டியிருப்பதும் இந்த வாசிதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே என் தேர்வு, ‘வணிகர் வாசி’.

அந்த விண்ணப்பத்தை டெல்லி ஏற்றுக்கொண்டது 2020 ஜனவரி 1 அன்று. அன்றுமுதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வாசி பூஜ்யம். அதற்கு முன்பு, 2018 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு டெபிட் கார்டில் 0.40 சதவீதமும் மற்றவர்களுக்கு 0.90 சதவீதமும்தான் உச்சவரம்பு. அந்தச் சில்லறையும் போனது வங்கிகளுக்கு வலித்தது. வேலையோ குறையவில்லை. பத்து ரூபாய் டீக்கும் ஒரு பற்று, பாஸ்புக்கில் ஒரு வரி, சர்வரில் ஒரு சுமை. 2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. 2024-25இல் சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம் என்று வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. அதற்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி. போதாது என்பது வங்கிகளின் புலம்பல். எனக்கு அதில் பாதி அனுதாபம்தான். சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும் நம் பணத்தை வைத்துச் சம்பாதிப்பதும் அவர்கள்தானே.

அதைவிடப் பெரிய இழப்பு முகம். பணம் வங்கியிலிருந்து போகிறது, பெயர் ஆப்புக்கு. போன்பேயும் கூகுள்பேயும் சேர்ந்து யுபிஐ பரிவர்த்தனைகளில் சுமார் ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. “ஜிபே பண்ணிட்டேன்” என்கிறவருக்கு, எந்த வங்கியிலிருந்து போனது என்று யோசிக்கவேண்டிய தேவையே இல்லை. டெபிட் கார்டு ஏடிஎம் பக்கம் போகும்போது மட்டும் பர்ஸிலிருந்து வெளியே வருகிறது.

ஆனால் வாசி முழுசாகத் தீரவில்லை. 2022 செப்டம்பரில் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்தார்கள். அதில் சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை; அதைத் தாண்டினால் வாசி உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து, வாலட் பணத்தை (ஆப்பில் முன்கூட்டியே போட்டுவைத்த பணத்தை) யுபிஐ வழியாக 2,000 ரூபாய்க்கு மேல் கடைக்குக் கொடுத்தால் 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச். கார்டு வங்கிகள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன.

அப்புறம், அந்தப் போன் கடைக்காரர். இப்போது கியூஆரை ஸ்கேன் செய்யப் போனாலும் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: “சேவிங்ஸா சார், கிரெடிட்டா?” ஒரே கியூஆர் அட்டை, ஒரே சவுண்ட்பாக்ஸ், ஒரே அறிவிப்பு. ஒரு காசுக்கு வாசி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.