ஓரத்துத் தூண் நிமிர்வது எப்படி?

மதுரை திருமலை நாயக்கர் மகாலை அகலக்கோண லென்ஸில் படமெடுத்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் புடைத்திருந்தன. மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டியதும் நிமிர்ந்துவிட்டன. தூண் நேரானது என்று கணினிக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. கணினி தூணைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்தது லென்ஸ் மட்டுமே.

இத்தகைய லென்ஸ்கள் பலவற்றில் ஓரத்துக்குப் போகப்போக உருப்பெருக்கம் குறையும். அதனால் ஓரப் புள்ளிகள் மையத்தை நோக்கி இழுபட, நேர்கோடு பீப்பாய்ப் பலகைபோல வளைகிறது. நட்டநடுவே செல்லும் கோடு மட்டும் தப்பிக்கும். அதன் புள்ளிகள் அந்தக் கோட்டின்மேலேயே நகர்கின்றன. எத்தனை தூரத்தில் எவ்வளவு இழுப்பு என்பதைச் சில எண்களில் அடக்கிவிடலாம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உள்ளே வந்த புள்ளிகளை வெளியே தள்ளினால் போதும் என்று தோன்றும். தள்ளிப் பாருங்கள்: புள்ளிகள் விலகி, நடுவே நிறமற்ற ஓட்டைகள் விழும். ஆகவே கணக்கு தலைகீழாக நடக்கிறது. முதலில் வெறுமையான புதிய படம். அதன் ஒவ்வொரு பிக்சலும் பழைய படத்திடம் "நான் எங்கிருந்து வர வேண்டும்?" என்று கேட்கிறது. மையத்திலிருந்து 1000 பிக்சல் தொலைவில் உள்ள ஒன்றுக்கு 949.6 என்று விடை வரலாம். அங்கே பிக்சல் ஏது? சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் நிறங்களை, அருகிலிருப்பதற்கு அதிகப் பங்கு தந்து, கலந்து எடுத்துக்கொள்கிறது. ஓர் ஓட்டைகூட விழுவதில்லை.

அந்த எண்களை யாரோ அளந்து தந்திருக்க வேண்டும். டார்க்டேபிள் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் லென்ஸ்ஃபன் தரவுத்தளத்துக்கு, ஆர்வலர்களே நேர்கோடுகள் நிறைந்த கட்டடங்களைப் படமெடுத்து அளந்து தருகிறார்கள். நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகங்கள் இதைச் செய்முறைப் பாடமாகவே வைக்கலாம்; அதற்குச் சிறு நிதி ஒதுக்கினால் அது வீண்செலவாகாது.

மூலைகள் இருள்வது வேறு குறை. எளிய லென்ஸில், அதன் மையத்தின் வழியே நேராகச் செல்லும் அச்சிலிருந்து 30 பாகை சாய்ந்து வரும் ஒளி கொசைனின் நான்காம் அடுக்குப்படி 56 சதவீதமாகக் குறைகிறது. அங்குள்ள மதிப்பை ஏறத்தாழ 1.8 ஆல் பெருக்கினால் வெளிச்சம் சமமாகும். புள்ளிகள் இடம்மாறும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இருள் விழுந்தது பழைய இடத்தில் அல்லவா? ஆனால் பெருக்கும்போது இரைச்சலும், அதாவது படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளும், சேர்ந்தே பெருகும். மாலை வெளிச்சத்தில் எடுத்த மண்டபப் படங்களில் மூலைகளை நான் முழுதாக வெளுக்க விடுவதில்லை. பாதியில் நிறுத்திவிடுவேன்.