பத்து நிமிடத்தில் நனையும் காகிதம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் மாங்காய் பத்தை வாங்கினால், பஸ் கிளம்புவதற்குள் தின்றுவிட வேண்டும். கையிலேயே வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் காகிதம் நனைந்துவிடும். நறுக்கும்போது மொடமொடவென்று இருந்த பெங்களூரா மாங்காய், உப்பு பட்டதும் தண்ணீர் விட்டுத் துவண்டு போகும். அவ்வளவு தண்ணீர் அதுவரை எங்கே இருந்தது?

மாங்காயின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய சவ்வு கட்டிய ஒரு பை இருக்கிறது. பாடப்புத்தகம் இதை நுண்குமிழ் என்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ பொடிசு என்று தோன்றும். முற்றிய தாவரச் செல்லில் 80, 90 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இதுதான். செல்லின் மற்ற சாமான்கள் எல்லாம் சுவரோரம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். 1841-ல் பிரெஞ்சு அறிஞர் துஜார்தான் ஒருசெல் உயிரிகளில் இதைப் பார்த்து, 'வெற்றிடம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'வேக்குவோல்' என்று பெயர் வைத்தார். பெயர்தான் வெற்றிடம்; உள்ளே தண்ணீர், சர்க்கரை, உப்புகள், அமிலம், சாயம் என்று நிரம்பி வழிகிறது.

மாங்காயின் புளிப்பும் அங்கேதான் இருக்கிறது. செல்லின் மற்ற பகுதி ஏறக்குறைய நடுநிலையில் இருந்தால்தான் வேலை நடக்கும். அதனால் பையின் சவ்விலுள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து, புளிப்பைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளை ஓயாமல் உள்ளே இறைக்கின்றன. எலுமிச்சையில் இந்தப் பைக்குள் பி.எச். (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு; 7 என்றால் நடுநிலை) 2.5-க்கும் கீழே போகும். சவ்வுக்கு இந்தப் பக்கம் 7-ஐ ஒட்டி இருக்கும். பழுக்கும்போது அமிலம் செலவாகிக் குறைய, சர்க்கரை வந்து சேருகிறது.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் இன்னொரு வேலையைப் பார்க்கலாம். உச்சி வெயிலில் செடி தலையைத் தொங்கப் போட்டிருக்கும். வேர் இழுப்பதைவிட இலை விடும் தண்ணீர் அதிகமானதால் பைகள் சுருங்கியிருக்கின்றன. மண்ணில் ஈரம் இருந்தால் சாயங்காலம் பைகள் மறுபடி உப்பிச் செல்சுவரை உள்ளிருந்து தள்ளும், செடி நிமிர்ந்துவிடும். இளந்தண்டில் மரம் போன்ற கட்டை அதிகம் கிடையாது, அதை நிறுத்தி வைப்பது முக்கியமாக இந்தத் தண்ணீர் அழுத்தம்தான். சைக்கிள் டயர் மாதிரி.

எனக்குப் பிடித்த கதை ரணகள்ளியுடையது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், அதன் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். 1815-ல் அச்சானது. காரணம் பிற்பாடு தெரிந்தது. தண்ணீரை மிச்சப்படுத்த இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக்கிப் பையில் போட்டு வைக்கிறது. விடிந்ததும் அதை எடுத்து, வெயிலின் துணையோடு சர்க்கரை தயாரிக்கிறது. மென்று பார்க்கத் தோன்றும். வேண்டாம், அதில் நஞ்சும் உண்டு. ஹெய்ன் சொன்னதை நம்பிவிடலாம்.

சரி, நம் உடம்பில்? விலங்குச் செல்களில் இருந்தாலும் சின்னச் சின்னதாகத்தான் இருக்கும். தாங்கிப் பிடிக்க எலும்பு இருக்கும்போது தண்ணீர்ப் பை எதற்கு?

குளத்துத் தண்ணீரில் வாழும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிக்கு இதே பை மோட்டார் பம்பு. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால், பை நிரம்பி நிரம்பி வெளியே பீய்ச்சும். நின்றால் உடம்பு வெடித்துவிடும்.

ஈஸ்ட்டில் அது குப்பையைச் செரிக்கும் வயிறு. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, அந்தச் செரிமான நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். செல் தன் உடம்பையே துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டிப் பைக்குள் அனுப்பியிருந்தது. செரிக்க வழியில்லாமல் பொட்டலங்கள் உள்ளே மிதந்துகொண்டிருந்தன. அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.