மிருதங்கத்தில் ‘நம்’ எப்படிப் பிறக்கிறது?

மிருதங்கம் கற்க உட்காருபவருக்கு முதல் பாடம் நான்கே சொற்கள்தான்: த, தி, தொம், நம். ‘த’ என்பது இடக்கை விரல்களைச் சேர்த்துத் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், மூடி அடிப்பது. ‘தி’ என்பது வலக்கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் வலந்தலை எனப்படும் வலப்பக்கத் தோலின் நடுவில் ஒன்றாக விழுவது. ‘தொம்’ என்பது தொப்பியின் ஓரத்தைத் தட்டி முழக்கத்தைத் திறந்துவிடுவது. இந்த மூன்றும் முதல் நாளே ஓரளவு கைக்கு வந்துவிடும். நான்காவதான ‘நம்’ அப்படி எளிதில் வராது. மோதிர விரல் வலந்தலையின் நடுவிலுள்ள கரிய வட்டமான கரணையின் ஓரத்தில் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் வலந்தலையின் விளிம்பைத் தட்டிவிட்டு எழ வேண்டும். அப்போது மணி போன்ற சுரம் ஒன்று கேட்க வேண்டும். நான் கற்கத் தொடங்கியபோது அந்தச் சுரம் சுத்தமாகக் கேட்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. “மோதிர விரல் கனமாக இருக்கிறதப்பா” என்று ஆசிரியர் சொல்லுவார். நானோ ஆள்காட்டி விரலின் வேகத்தைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு இயற்பியல் வழியாகத்தான் விளங்கியது. அடிக்கிற விரலைவிடத் தொடுகிற விரல்தான் ‘நம்’மை உண்டாக்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள, தோல் எப்படி அதிர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வீணையின் தந்தியை மீட்டினால் அது முழு நீளமாகவும், இரண்டு பாதிகளாகவும், மூன்று பகுதிகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வெண்கள் 1, 2, 3, 4 என்ற முழு எண் விகிதத்தில் அமைகின்றன. அடிப்படை அதிர்வோடு அதன் மேற்சுரங்கள் இப்படி இணங்கிப்போவதால்தான் நம் காது அவற்றை ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலில் இந்த இணக்கம் கிடையாது. அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று முழு எண்களுக்குப் பொருந்தாமல் செல்கின்றன. பறையின் ஒலியில் இன்ன சுரம் என்று பிரித்துச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். பறைக்கு அது குறையன்று. தீயில் காட்டி இறுக்கிய அந்தத் தோலின் வெடிப்பும் வீச்சும் திறந்த வெளியில் தொலைதூரம் சென்று சேர்வதற்கானவை. ஆனால் ஒரு பாடகரின் சுருதியோடு மணிக்கணக்கில் சேர்ந்து ஒலிக்க வேண்டிய கருவிக்கு இணங்கிய மேற்சுரங்கள் தேவை.

அந்த இணக்கத்தைக் கொண்டுவருவது வலந்தலையின் நடுவில் இருக்கும் கரிய வட்டம். அதைக் கரணை என்றும் சோறு என்றும் அழைக்கிறார்கள். சோறு என்ற பெயர் வெறும் உவமையன்று. வடித்த சோற்றை மசித்து, தாதுக்கல்லைப் பொடித்த கரிய தூளோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன் மேல் அடுத்த பூச்சை வைத்து, இப்படிப் பல அடுக்குகளாக அதை வளர்க்கிறார்கள். நடுவில் தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் அது அமைய வேண்டும். காய்ந்த கரணையை உற்றுப் பார்த்தால் கோடைக்காலக் குளத்துத் தரைபோல நுண்ணிய வெடிப்புகள் தெரியும். அவை பழுதல்ல. ஒரே பாளமாக இருந்தால் கரணை தோலை விறைக்கச் செய்துவிடும். சிறு சிறு துண்டுகளாக இருப்பதால் தோலின் வளைவைத் தடுக்காமல் எடையை மட்டும் அதன்மேல் ஏற்றுகிறது.

எடை நடுவில் ஏறினால் என்ன நடக்கும்? அடிப்படை அதிர்வில் தோல் முழுவதும் ஒன்றாக எழுந்து தாழ்கிறது. நடுப்பகுதியே மிக அதிகமாக அசைகிறது. அங்கே எடை கூடினால் அந்த அதிர்வின் வேகம் நன்றாகக் குறையும். அடுத்த அதிர்வில் தோலின் ஒரு பாதி எழும்போது மறு பாதி தாழ்கிறது. இரண்டுக்கும் இடையே விட்டம் நெடுகிலும் அசையாத கோடு ஒன்று ஓடுகிறது. அதைக் கணுக்கோடு என்பார்கள். வட்டத்தின் மையம் அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதால், அங்கே ஏற்றிய எடை இந்த அதிர்வை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. முதல் அதிர்வு தாழ்ந்து, இரண்டாவது ஏறக்குறைய அங்கேயே நிற்க, 1.59 என்ற விகிதம் விரிந்து 2 ஆகிறது. கரணையின் அகலமும் தடிப்பும் சரியாக அமைந்தால் மற்ற அதிர்வுகளும் 3, 4, 5 என்ற இடங்களுக்கு வந்து சேர்கின்றன.

இதை முதலில் அறிவியல் உலகின் முன் வைத்தவர் சி. வி. ராமன். கல்கத்தாவில் பேராசிரியராக இருந்தபோது 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இந்திய முழவுகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார்; பின்னர் பெங்களூரில் இருந்தபோது விரிவான கட்டுரை எழுதினார். தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் குவிகிறது என்று பார்த்து, தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இணக்கச் சுரங்களுக்குள் அடங்கிவிடுவதை அவர் காட்டினார். மூன்றாம் சுரத்தில் இரண்டு முறைகளும், நான்காவதில் இரண்டும், ஐந்தாவதில் மூன்றும் ஒரே அதிர்வெண்ணில் வந்து கூடுகின்றன. ராமன் கண்டு விளக்கியதை அதற்கு முன்பே பல தலைமுறைகளாகக் கையாலும் காதாலும் மட்டுமே செய்துவந்த கைவினைஞர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறிந்த அளவுக்கு, அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரையும் இசை கேட்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி ‘நம்’முக்கு வருவோம். வலந்தலையைச் சும்மா தட்டினால் இந்த ஐந்து சுரங்களும் கலந்து எழுகின்றன. மோதிர விரல் கரணையின் ஓரத்தைத் தொட்டவுடன் அந்த இடம் அசையாமல் நிற்க வேண்டியதாகிறது. அடிப்படை அதிர்வில் தோலின் விளிம்பைத் தவிர அசையாத இடமே கிடையாது. ஆகவே அது அடங்கிவிடுகிறது. விரல் வைத்த இடத்தின் வழியே கணுக்கோடு செல்லக்கூடிய அதிர்வுகள் மட்டும் தப்பிப் பிழைக்கின்றன. அவற்றுள் முதன்மையானது இரண்டு பாதிகளாக அசையும் அந்த இரண்டாம் சுரம். ஆள்காட்டி விரல் அந்தக் கோட்டிலிருந்து விலகி, நன்கு அசையும் பக்கத்தின் விளிம்பில் விழுவதால் அந்தச் சுரத்துக்கு முழு வலிமை கிடைக்கிறது. மோதிர விரல் அழுத்தமாக இருந்தால் தோல் அகலமாக அமுங்கி, பிழைக்க வேண்டிய அதிர்வும் சேர்ந்து மடிந்துவிடும். தொட்டும் தொடாமலும் இருந்தால் அடிப்படை அதிர்வு கசிந்து சுரம் மங்கிப்போகும். ஒரு பூவிதழின் மேல் விரல் வைப்பதுபோல என்று சொல்லுவார்கள். அந்த அளவை எடையால் அளந்து சொல்ல முடியாது, காதுதான் சொல்ல வேண்டும்.

ஆள்காட்டி விரலுக்கும் ஒரு கடமை உண்டு. சுரத்தின் அதிர்வெண் வினாடிக்கு 250 என்று வைத்துக்கொண்டால், ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் 4 மில்லி வினாடிதான். தட்டிய விரல் தோலிலேயே தங்கினால், தான் எழுப்பிய அதிர்வைத் தானே கொன்றுவிடும். தொடக்க நிலை மாணவர் பலத்தைக் கூட்டும்போது விரல் தோலில் தங்கும் நேரமும் கூடுகிறது. அதனால் ஓசை பெருகுமே தவிர நாதம் பெருகாது. தோலின் துள்ளலே விரலைத் திருப்பி அனுப்பும்படி மணிக்கட்டைத் தளர்த்தி வைப்பதே வழி. முதல் காலத்தில், அதாவது மெதுவான முதல் வேகத்தில், வினாடிக்கு ஓர் அடி வாசிப்பவர் மூன்றாம் காலத்தில் வினாடிக்கு நான்கு வாசிக்க வேண்டும். விரல் எழத் தாமதிக்கும் பழக்கம் முதல் காலத்தில் காதுக்குத் தெரியும்போதே திருத்தப்படாவிட்டால், மூன்றாம் காலத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூடிக்கொள்ளும். முதல் காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஆசிரியரிடம் பொறுமையிழக்க வேண்டாம் என்று நான் மாணவர்களிடம் சொல்லுவது இதனால்தான்.

எவ்வளவு சரியாகத் தட்டினாலும் ‘நம்’ நடுங்கிக் கேட்கும் நாட்களும் உண்டு. அப்போது குற்றம் விரலில் இல்லை. வலந்தலையைச் சுற்றி 16 கண்கள் இருக்கின்றன. வார்கள் அவற்றின் வழியே ஓடித் தோலை இழுக்கின்றன. எல்லாப் பக்கமும் இழுவிசை ஒன்றாக இல்லாவிட்டால், ஒரு திசையில் இரு பாதியாக அதிரும் அதிர்வும் அதற்குக் குறுக்கான திசையில் அதிரும் அதிர்வும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களைப் பெறுகின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓசை ஏறியும் இறங்கியும் அலைகிறது. பள்ளி இயற்பியலில் இதைத்தான் விம்மல் என்று படித்தோம். கல்லையும் மரக்குச்சியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகத் தட்டி, சுற்றிலும் ஒரே சுரம் வரும்வரை வித்வான் சுருதி சேர்ப்பது இந்த விம்மலை நீக்குவதற்காகத்தான். மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தளர்வதால் இந்த வேலை இரட்டிப்பாகும்.

தொப்பியில் நிலையான கரணை இல்லை. வாசிக்கும் முன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புகிறார்கள். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். மென்மையான இந்த ஈரப்பசை எடையை ஏற்றிச் சுரத்தைத் தாழ்த்துவதோடு, உயர்ந்த மேற்சுரங்களை விழுங்கியும் விடுவதால், ‘தொம்’ ஆழமாகவும் உருண்டையாகவும் கேட்கிறது. பசையைக் கூட்டியும் குறைத்தும் தொப்பியைச் சுருதியோடு இணைக்கலாம். தட்டிய பின் மணிக்கட்டின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தினால் இழுவிசை கூடிச் சுரம் மேலே வழுக்கும். கும்கி என்று இதைச் சொல்லுகிறார்கள். தொடக்க நிலையில் அதைத் தேடிப் போக வேண்டாம். ‘தொம்’ நேராக ஒலித்த பின் அது தானே வரும்.

ராமன் செய்த சோதனையைப் பயிற்சி முடிந்த ஒரு மாலையில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மிருதங்கத்தை நிறுத்திவைத்து, யாரேனும் ஒருவர் பிடித்துக்கொள்ள, வலந்தலையில் உலர்ந்த மெல்லிய மணலைச் சிறிது தூவி, மோதிர விரலை வழக்கமான இடத்தில் வைத்து ‘நம்’ என்று சில முறை தட்டுங்கள். மணல் துள்ளி ஒதுங்கி, விரலுக்கு அடியிலிருந்து கிளம்பும் ஒரு கோட்டை நோக்கிச் சேரத் தொடங்கும். அந்தக் கோடு கரணையைக் குறுக்கே கடந்து, யாரும் தொடாத எதிர்ப்பக்க விளிம்புவரை செல்லும்.