வில்லங்கச் சான்றில் கல்லறை தெரியாது

மறுபடியும் அதே மாதிரி ஒரு மனை வழக்குக் கட்டு மேசைக்கு வந்திருக்கிறது. 30 ஆண்டுக்கு வில்லங்கம் சுத்தம், பட்டா விற்றவர் பெயரில், லேஅவுட் அனுமதி கச்சிதம். அஸ்திவாரக் குழியில் எலும்பு வந்த பிறகுதான் வக்கீல் நினைவு வருகிறது.

வில்லங்கச் சான்று என்பது அந்த சர்வே எண்ணுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். அவ்வளவுதான். பல தலைமுறைக்கு முன் ஊரார் கூடி ஒரு மேட்டைக் கபரஸ்தானாகவோ (முஸ்லிம் இடுகாடு) கல்லறைத் தோட்டமாகவோ விட்டபோது யாரும் பத்திரம் பதியவில்லை. பதியாதது சான்றில் ஏறாது. ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றால் பதிவு ஏதுமில்லை என்று பொருள். பிணம் ஏதுமில்லை என்று அல்ல! பட்டாவும் அப்படித்தான். யுடிஆர் எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புக் காலத்தில் தப்பாக ஏறிய பெயர்களைத் திருத்த இன்றும் மனுக்கள் நடக்கின்றன. லேஅவுட் அனுமதி கொடுப்பவர்கள் உரிமைமூலத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

“40 வருஷமா யாரும் புதைக்கலையே சார்?” புதைக்காவிட்டால் என்ன? பொதுக் கபரஸ்தான் என்று நிலைநாட்டப்பட்ட இடம் வக்ஃபு, அதாவது சமயப் பணிக்கென்று நிரந்தரமாக விடப்பட்ட சொத்து. பயன்படுத்தாமல் விட்டதால் அந்தத் தன்மை போகாது என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. வக்ஃபு சட்டத்தின் 2025 திருத்தத்தைக் காட்டி வாதாடுவோருக்கு: ஏற்கெனவே பதிவான பயன்பாட்டு வக்ஃபுகள் (பத்திரமின்றி நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபு ஆனவை), தகராறோ அரசு நிலம் என்ற கேள்வியோ இல்லாதவரை, தொடரவே செய்கின்றன.

சென்னை சட்டக் கல்லூரி இருந்த கட்டடமே பழைய ஆங்கிலேயர் இடுகாட்டில்தான் நிற்கிறது. 1758–59 பிரெஞ்சு முற்றுகையில் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமானதால், அவற்றை இடித்துக் கற்களைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனி கால சென்னை ஆளுநர் எலிஹூ யேலின் மகன் கல்லறை அங்கேயே நின்றது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் 100 மீட்டர் கட்டுமானத் தடை வந்து, நீதிமன்ற வாகன நிறுத்தமே வழக்கில் சிக்கியது. உங்கள் மனை எம்மாத்திரம்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். இன்றைய ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) போதாது. யுடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலை வாங்கி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுங்கள். குறிப்புக் கலத்தில் மயானம், இடுகாடு, கபரஸ்தான், சமாதி என்று எது இருந்தாலும் நில்லுங்கள். கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பாருங்கள்: எங்கும் போய்ச் சேராத ஒற்றைப் பாதை பெரும்பாலும் பிணம் போன பாதை. வக்ஃபு அரசிதழில் எண்ணைத் தேடும்போது உட்பிரிவுக்கு முந்தைய எண்ணில் தேடுங்கள். வக்ஃபு போன்ற நிலங்களின் பத்திரத்தைப் பதியவிடாத பதிவுச் சட்டம் 22-அ தடுக்கும் என்று நம்பாதீர்கள். தடைப் பட்டியலில் பழைய எண் மட்டும் இருந்தால் புதிய எண் நழுவிவிடும். பங்குத்தந்தையிடமும் கேளுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் பாதி விஷயம் வந்துவிடும்.

ஏற்கெனவே தோண்டிவிட்டீர்களா? ஜேசிபியை நிறுத்துங்கள். மண்ணோடு மண்ணாக டிப்பரில் ஏற்றி ஏரிக்கரையில் கொட்டச் சொல்லும் மேஸ்திரி பேச்சைக் கேட்காதீர்கள். அடக்கத் தலத்தில் அத்துமீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 301-இன்படி ஓராண்டு வரை சிறை. விஏஓவுக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தயவுசெய்து அதற்குள் எலும்புகளைத் தொடாதீர்கள். எங்கே, எப்படி மறுஅடக்கம் செய்வதென்று இறந்தவர்களுக்குரியவர்கள் சொல்லட்டும்.