தோளுக்குப் பின்னால் அடிக்காதீர்கள்: வில்வேட்டைக்குப் போகும் நம்மவர்களுக்கு

இந்த சீசனிலும் அதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், போங்கோலா பக்கம் ஒரு பண்ணையில், டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த தம்பி ஒருவர் 22 மீட்டரில் நின்ற இம்பாலா மான் கிடாவை அம்பால் அடித்தார். "அண்ணே, தோளுக்குப் பின்னாலதான் அடிச்சேன், நீங்களே பாருங்க" என்று அம்பை நீட்டினார். இறகில் அரைத்த புல் பச்சையாக ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்க்கவே தேவையில்லை, குடல். அவர் பொய் சொல்லவில்லை, தோளுக்குப் பின்னால்தான் அடித்திருக்கிறார். அந்தக் கிடா ராத்திரி பூராவும் புதருக்குள் கிடந்து செத்தது. விடிந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குள்ளநரிகள் பாதியைத் தின்றிருந்தன.

வில்வேட்டைக்கு ஆள் கூட்டிப் போவது என் தொழில். வில்லும் நல்ல வில், கையும் நல்ல கை, ஆனால் அம்பு மட்டும் தப்பான இடத்தில் போகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துவிட்டது. காரணம் ஒன்றுதான். எல்லோரும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதில் வருவது வெள்ளைவால் மான். "முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் அடி" என்று அவர்கள் சொல்வது அவர்கள் மானுக்கு. நம் நேட்டால் பண்ணைகளில் நிற்பது இம்பாலா, நியாலா, புஷ்பக், குடு என்கிற ஆப்பிரிக்க மான்கள். இவற்றின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கின்றன.

நம்ப முடியாவிட்டால், வீட்டில் பூஜைக்கு ஆடு அறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் விரித்தால்தான் இதயம் கண்ணில் படும். விலாவின் பின்பாதியில் ஈரல் இருக்கும், பெரிய இரைப்பை இருக்கும். மானுக்கும் அதே அமைப்புதான். இடப்பக்கம் காட்டி நிற்கும் மானைத் தோளுக்கு ஒரு சாண் பின்னால் அடித்தால் அம்பு நேரே இரைப்பைக்குள் போகும். வலப்பக்கம் காட்டி நின்றால் முதலில் ஈரல். ஈரலில் பட்டாலும் சாகும், ஆனால் மெதுவாக, வலியோடு. இரைப்பையில் பட்டால் பல மணி நேரம். "அம்பு பட்டால் போதும், எப்படியும் விழும்" என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அம்பில் கிடையாது. ரத்தம் வெளியேறினால்தான் மிருகம் விழும்.

அப்படியானால் எங்கே? மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுவில் ஒரு கோடு மேலே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் அடியிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறுங்கள். அங்கேதான். "எலும்பு இருக்குமே" என்று பயந்துதான் எல்லோரும் பின்னால் நகர்கிறார்கள். தோள்பட்டை எலும்பின் அகலமான பகுதி அதற்கு மேலே இருக்கிறது. மான் உங்கள் பக்கத்து முன்னங்காலை ஒரு அடி முன்னால் வைக்கும்வரை பொறுங்கள், இன்னும் இடம் திறக்கும். உயரமாக அடிப்பதும் தப்பு. தோளுக்கு மேலே தெரியும் திமிலைப் பார்த்து முதுகெலும்பும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். தோளருகே முதுகெலும்பு நன்றாகக் கீழே இறங்கி வருகிறது. அதற்கு மேலே பட்டால் மான் பொத்தென்று விழும், நீங்கள் கைகுலுக்கி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிடும்.

நேருக்கு நேர் பார்த்து நிற்கிற மானை அடிக்கவே கூடாது. உங்கள் பக்கமாகச் சற்றே திரும்பி நிற்கிற மானையும் அடிக்காமல் விடுங்கள். உங்களைவிட்டுக் கொஞ்சம் விலகித் திரும்பி நின்றால் நல்லது. அப்போது மறுபக்கத்து முன்னங்காலைக் குறிவையுங்கள். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா என்றும் பாருங்கள். கூர்மையான அம்பு இம்பாலாவை ஊடுருவி வெளியே வந்து அடுத்ததையும் காயப்படுத்தும். தண்ணீர்க் குட்டையில் கூட்டமாக வரும்போது இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது தூரம். 40 மீட்டரில் வீட்டுப் பின்புறத்தில் அடித்துப் பழகியதால் காட்டிலும் அடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். பலகை நகராது, இம்பாலா நகரும். நாண் விடும் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் போகிறது. கப்பி வைத்த நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு 80, 90 மீட்டர்தான். 40 மீட்டரில் அம்பு போய்ச் சேர அரை நொடி ஆகும். அதற்குள் இம்பாலா சத்தத்தைக் கேட்டு, ஓடுவதற்காகக் காலை மடக்கிக் கீழே இறங்கிவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகில் போகும். அதனால் 20 மீட்டர், அதிகம் போனால் 25. தலையைத் தூக்கி விறைத்து நிற்கிற இம்பாலாவை அந்தத் தூரத்திலும் அடிக்காதீர்கள். தண்ணீர் குடிக்கத் தலையைக் குனிந்து, வால் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் நாணை இழுக்க வேண்டும்.

மறைந்து உட்காரும் கூண்டு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கறுப்புச் சட்டை போடுங்கள். இலை போட்ட சட்டை இருட்டான கூண்டுக்குள் வெளிறித் தெரியும். முகத்தையும் கையையும் மூடுங்கள். பின் ஜன்னலைத் திறந்து வைத்தால் உங்கள் உருவம் அப்படியே தெரியும், மூடி வையுங்கள். விடியுமுன் போய் உட்காருங்கள், ஆனால் பத்து மணிக்கு அலுத்துப்போய் எழுந்து வராதீர்கள். குளிர்காலத்தில் இம்பாலா வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். காற்று திரும்பி உங்கள் வாசனை குட்டைப் பக்கம் போக ஆரம்பித்தால் அன்றைக்கு அந்த இடம் அவ்வளவுதான், வேறு கூண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். காத்திருக்கும்போது கல், வேர், உப்புக்கட்டி எல்லாவற்றுக்கும் தூரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மான் வந்த பிறகு அளக்க நேரம் இருக்காது.

பழக்கத்தையும் மாற்ற வேண்டும். நின்றுகொண்டு நூறு அம்பு விடுவதால் பயனில்லை. முக்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் அளவுக்கு அட்டையை வெட்டி வைத்து, வேட்டைக்குப் போடும் அதே ஜாக்கெட்டோடு, காலையில் முதல் அம்பை விட்டுப் பாருங்கள். வேட்டையில் உங்களுக்குக் கிடைப்பது அந்த முதல் அம்பு மட்டும்தான். பிராட்ஹெட், அதாவது அம்பின் கத்தி முனை, கையிலுள்ள முடியை மழிக்கவில்லை என்றால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அனுமதி விஷயம்: பண்ணைக்காரர் எழுத்தில் கொடுத்த அனுமதி இல்லாமல் வேலிக்குள் கால் வைக்காதீர்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையாக வேலியடைத்த பண்ணையில் உள்ள மிருகம் பண்ணைக்காரருடையது. எந்த மிருகத்துக்கு என்ன பெர்மிட் வேண்டும் என்பதையும் அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும், மிருகம் கிடைக்காமல் போனாலும், முழு விலை கட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கம்.

சரி, அம்பு பட்டுவிட்டது. உட்காருங்கள். துள்ளிக் குதித்து வெளியே ஓடாதீர்கள். மான் நின்ற இடம், கடைசியாகப் பார்த்த மரம் இரண்டையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து அம்பைப் போய்ப் பாருங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். அடர்ந்த சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விடுங்கள். பச்சையும் நாற்றமும் இருந்தால் உடனே துரத்தாதீர்கள். படுத்துக் கிடக்கும் மானை எழுப்பிவிட்டால் அது அடுத்த பண்ணைக்கே போய்விடும். வழிகாட்டியிடம் உண்மையைச் சொல்லுங்கள், எங்கே பட்டது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ராத்திரி மூன்று மணி ஆனாலும் நாங்கள் தேடுவோம், தப்பான தகவலோடு மட்டும் தேட முடியாது.

பண்ணையை புக் பண்ணும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: ரத்தத் தடம் பிடிக்கும் நாய் இருக்கிறதா? பெரிய நாய் வேண்டாம், பழக்கிய ஜாக் ரஸ்ஸல் ஒன்று போதும். மனிதக் கண் தவறவிடும் தடத்தை அது மூக்கால் பிடித்துக்கொண்டு போகும். இல்லை என்றார்களானால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வேறு பண்ணை பாருங்கள்.