ஒரே கணக்குக்குப் பல வெர்ஷன்கள்: எதை எந்தக் கணினிக்குக் கொடுப்பது?

வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குப் பயன்படுத்த உதவும் மென்பொருள் பாயிங்க் (BOINC). கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவானது. வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞைகளைத் தேட 1999-இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் பிறகு இதற்கு மாறியது. செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் எல்எச்சி என்ற துகள் முடுக்கிக்கான கணக்குகளைப் போடும் எல்எச்சி அட் ஹோமும் இதில்தான் ஓடுகிறது.

இதில் வேலையைக் கொடுக்கும் சர்வர் யாரையும் கூப்பிடாது. கணினிதான் வந்து வேலை கேட்கும். விண்டோஸா லினக்ஸா, என்ன பிராசசர், கிராபிக்ஸ் கார்டு உண்டா, எத்தனை வினாடிக்கு வேலை வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்கும். சர்வரிடம் ஒரே நிரலின் பல வெர்ஷன்கள் இருக்கும். அந்தக் கணினியில் ஓடக்கூடியவற்றைப் பொறுக்கி, வேகமாக முடிக்கும் என்று தோன்றுவதைக் கொடுக்கும். முதலில் அது வெறும் மதிப்பீடு. சில வேலைகள் முடிந்து வந்தபின் உண்மையான வேகத்தை வைத்தே முடிவெடுக்கும். ஒரு வெர்ஷன் அந்தக் கணினியில் தொடர்ந்து பிழை கொடுத்தால், அதற்கு ஒரு நாளில் கொடுக்கும் வேலைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். ஒழுங்காக முடித்தால் மறுபடி மளமளவென்று ஏறும்.

சரி, வேகம் பார்த்தாயிற்று. விடையை எப்படி நம்புவது? முன்பின் தெரியாதவர் கணினி அது. அதனால் ஒரே வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிடுவது வழக்கம். என்னைப் பொறுத்தவரை உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது: இருவருமே சரியாகக் கணக்கிட்டும் விடைகள் வேறுபடலாம்.

மூன்று இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் கணினி என்று வைத்துக்கொள்வோம். 1.00 உடன் 0.004-ஐக் கூட்டினால் 1.004, அது 1.00 ஆகச் சுருங்கும். இன்னொரு 0.004 கூட்டினாலும் அதே கதை. ஆனால் இரண்டு 0.004-ஐ முதலில் கூட்டி, அப்புறம் 1.00-ஐச் சேர்த்தால் 1.01. வெர்ஷன் மாறினால், நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும், அதனால் கூட்டும் வரிசையும் மாறலாம்.

எல்எச்சி அட் ஹோமின் சிக்ஸ்டிராக் நிரல் அந்த முடுக்கியின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் லட்சக்கணக்கான சுற்றுகள் போவதைக் கணக்கிடுகிறது. பாதை நிலைகுலையும் இடங்களில் கடைசி இலக்கத்தில் வந்த வேறுபாடு சுற்றுக்குச் சுற்று பெருகிவிடும்.

இதற்காக பாயிங்கில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு வேலையின் முதல் பிரதி எந்த வகைக் கணினிக்குப் போனதோ, இரண்டாவதும் அதே வகைக்குத்தான் போகும். வேண்டுமானால் அதே வெர்ஷனுக்கு மட்டும் என்றும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அரிதான வகையாக இருந்தால் ஜோடி கிடைக்கும்வரை வேலை காத்துக் கிடக்கும்.

சிக்ஸ்டிராக் குழு நோயின் வேரையே பார்த்தது. சைன், மடக்கை போன்ற சார்புகளின் விடையை எங்கும் ஒரே மாதிரி கடைசி இலக்கத்துக்குச் சுருக்கும் சிஆர்லிப்எம் என்ற நிரல் தொகுப்பைச் சேர்த்தார்கள். கம்பைலர் தன்னிஷ்டத்துக்கு வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் விடை கடைசி பிட் வரை ஒன்றாகவே வந்தது. அதன்பின் இரண்டாவது பிரதியை எந்தக் கணினிக்கு வேண்டுமானாலும் கொடுக்க முடிந்தது.