திகுவக்: கொடுத்த பிள்ளையா, எடுத்த பிள்ளையா?

கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில், பிறர் பெற்றுத் தாம் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட குழந்தைக்குத் ‘திகுவக்’ என்று பெயர். ‘திகு’ என்னும் வேர் கையால் எடுத்தலைக் குறிக்கும். அதனோடு செயப்பாட்டுப் பொருள் தரும் ஈறு சேர்ந்து ‘எடுக்கப்பட்டது’ என்றாகிறது. இறுதி ஒலி நம் ககர மெய்யினும் ஆழமாக, உள்நாக்கருகே பிறப்பது.

தமிழில் உடனே நினைவுக்கு வரும் ‘தத்து’, ‘கொடுக்கப்பட்டது’ எனப் பொருள்படும் ‘தத்த’ என்ற வடசொல்லின் வழியது. (தாவுதலையும் ஆபத்தையும் குறிக்கும் தமிழ்த் ‘தத்து’ வேறு.) வடசொல் கொடுப்பவர் பக்கமும் இனுக்டிடூட் சொல் எடுப்பவர் பக்கமும் நிற்க, நாம் ‘தத்தெடுத்தல்’ என்று இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டோம்.

இனுவிட் வழக்கில், குழந்தை பிறக்குமுன்பே இரு குடும்பங்களும் பேசி முடிவு செய்வது உண்டு. எடுப்பவர் பெரும்பாலும் உறவினராகவும், பல வேளைகளில் தாத்தா பாட்டியாகவுமே இருப்பர். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை, முதியோருக்கு ஒரு துணை, அடுத்தடுத்துப் பெற்ற தாய்க்குச் சற்று ஆறுதல் எனக் காரணங்கள் பல. குழந்தை எடுத்தவர்க்கே உரியது. ஆயினும் பெற்றவர் யார் என்பது மறைக்கப்படுவதில்லை. பெற்ற தாயைத் திகுவக் ‘பூகுலுக்’ என்றழைக்கும் வழக்கும் உண்டு. ‘பூக்’ என்றால் பை, ‘குலுக்’ என்பது செல்லம் தொனிக்கும் ஈறு. தன்னைச் சுமந்த அருமைப் பை என்பது பொருள். நம் ‘சுமந்தவள்’ அதற்கு நெருங்கி வரும், ஆனால் அந்தச் செல்லம் அதில் இல்லை.

வெள்ளையர் சட்டம் இதை ஏற்கக் காலம் பிடித்தது. 1961இல் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளின் நீதிபதி ஜான் சிசன்ஸ் இவ்வழக்கம் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். 1994இல் அங்கு இயற்றப்பட்ட தனிச்சட்டத்தின்படி, ஆணையர் ஒருவர் சான்றிதழ் அளித்தாலே போதும். 1999இல் அங்கிருந்து பிரிந்து தனி நிலப்பகுதியாக உருவான நுனாவுட்டுக்கும் அச்சட்டம் தொடர்ந்தது.

தமிழில் எதை வழங்கலாம்? ‘வளர்ப்புப் பிள்ளை’ பொருந்தாது. வளர்ப்பது மட்டுமன்றி முழு உரிமையோடு மகவாக்குவதே இங்குள்ள செய்தி. ‘சுவீகாரம்’, தனதாக்குதல் என்னும் பொருளால் நெருங்கினாலும், சடங்கையும் சொத்துரிமையையும் உடன் அழைத்து வருகிறது. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் ‘மகவேற்பு’ அழகிய சொல். அதைக் கொண்டு இவ்வழக்கத்தை ‘வழமை மகவேற்பு’ எனலாம். குழந்தையைக் குறிக்க, ஊர்ப்பேச்சின் ‘எடுத்த பிள்ளை’ வேர்ப்பொருளுக்கே நேராக நிற்கிறது. ‘திகு’வுக்குப் பற்றுதல் என்ற பொருளும் உண்டென்று ‘பிடித்த பிள்ளை’ என மொழிபெயர்க்கப் போனால், பிள்ளை பிடிக்கிறவன்தான் நினைவுக்கு வருவான்.